அத்தியாயம் 7: பின் காலிபருக்கு எந்தக் கருவி?

ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் மலைப்பாதையில் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சோதனை இன்ஜினுக்கு, இறங்கும்போது பிரேக்குக்கு. வால்பாறை சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஆழியாறு அணை சுமார் 1,000 அடியில். 1,400 கிலோ எடையுள்ள கார் இந்த 2,500 அடியை இறங்கி முடிப்பதற்குள் ஒரு கோடி ஜூலுக்குச் சற்று அதிகமான ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது. கியரைக் குறைத்து இறங்கினால் இன்ஜின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மிச்சத்தில் பெரும் பங்கு பிரேக் டிஸ்க்கில்தான் சேரும்.

இறக்கத்தில் பிரேக் போட்டால் எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் சூட்டில் பெரும் பங்கு முன் டிஸ்க்குக்கே. பின் காலிபருக்கு வேலை குறைவு, ஆனால் அதற்கு வேறொரு நோய் உண்டு. இந்த அத்தியாயம் அந்த நோயைப் பற்றியும், அதற்கு வாங்க வேண்டிய கருவிகளைப் பற்றியும்.

வேலை குறைந்ததால் வரும் துரு

கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் ஓடும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் காரை விரட்டுபவருக்கு பேட் சீக்கிரம் தேயும். அடிக்கடி கழற்றுவார், அடிக்கடி மாட்டுவார். அவர் காலிபரில் துருப்பிடிக்க நேரமே இருக்காது. அதே கார் வால்பாறை வீட்டு வாசலில் தென்மேற்குப் பருவமழை முழுக்க நின்றால் கதை வேறு. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இங்கிருந்து தூரமில்லை. பின் டிஸ்க் போதிய அளவு சூடாவதில்லை, ஈரம் காய்வதில்லை. துரு முதலில் டிஸ்க்கின் விளிம்பில் தெரியும். அடுத்து காலிபர் நகரும் ஸ்லைடு பின்னில் கிரீஸ் வறண்டு போகும். கடைசியாக, ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து மாட்டும் சின்ன லீவர் திரும்பி வராமல் நின்றுவிடும். ஹேண்ட் பிரேக்கை விட்டபிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

ஆகவே மலையில் இருப்பவருக்கு வேண்டியது பேட் மாற்றும் கருவி மட்டுமல்ல. துருப்பிடித்த போல்ட்டின் தலையைச் சிதைக்காமல் கழற்றவும், சிக்கிய பின்னை விடுவிக்கவும், வறண்ட இடத்தில் சரியான கிரீஸ் வைக்கவும், எல்லாவற்றையும் சரியான இறுக்கத்தில் திரும்பப் பூட்டவும் வழி வேண்டும்.

கடைக்குப் போகும் முன்: உங்கள் காலிபர் எந்த வகை?

கோவையிலோ பொள்ளாச்சியிலோ நல்ல கருவிக் கடையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏனுங்க, காலிபர் கிட் ஒன்னு வேணுங்க."

"எந்த வண்டிக்குங்க?"

"போலோ ஜிடிஐ."

"பின்னாடி ஹேண்ட் பிரேக் கேபிளு காலிபர்லயே வந்து மாட்டுதுங்களா, இல்ல மோட்டாருங்களா?"

இரண்டாவது கேள்வியைக் கேட்கும் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். பின் பிரேக்குக்கான கருவியைத் தீர்மானிப்பது காரின் பெயரோ விலையோ அல்ல, ஹேண்ட் பிரேக் எந்த வழியில் பேட்டை அழுத்துகிறது என்பதுதான். பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் கீழே உள்ள நான்கில் ஒன்று இருக்கும்.

ஒன்று, திருகு பிஸ்டன். கேபிள் நேராகக் காலிபரின் முதுகில் உள்ள லீவரில் மாட்டியிருக்கும். பிஸ்டனின் முகத்தில் இரண்டோ நான்கோ வெட்டுகள் தெரியும். 2011இல் வந்த ஸ்கோடா லாரா விஆர்எஸ், 2015இல் வந்த அபார்த் புன்டோ, 2016இல் வந்த மூன்று கதவு போலோ ஜிடிஐ ஆகியவை இந்த வகை. பிஸ்டனை அழுத்திக்கொண்டே சுற்றினால்தான் உள்ளே போகும்.

இரண்டு, பின்னால் ஆலன் திருகு. 1989 முதல் 2005 வரை வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு உலகறிந்த உதாரணம். காலிபரின் முதுகில் மூடி போன்ற ஒரு போல்ட். அதைக் கழற்றினால் உள்ளே 4 மிமீ ஆலன் கீ நுழையும். அதைத் திருப்பினால் பிஸ்டன் பின்வாங்கும். சுற்றும் கருவி இங்கே தேவையே இல்லை.

மூன்று, நிலையான காலிபர். போர்ஷே பாக்ஸ்டர், கேமன், 911 ஆகியவற்றின் பல தலைமுறைகளில் காலிபர் நகராது. இரு பக்கமும் பிஸ்டன்கள். ஹேண்ட் பிரேக் டிஸ்க்கின் நடுவே உள்ள சின்ன டிரம்மில் தனியாக வேலை செய்யும். பிஸ்டனை நேராகத் தள்ளினால் போதும். வேண்டியவை பேட் விரிக்கும் கருவியும், பேட் பின்னைத் தட்டி எடுக்கப் பொருத்தமான பின் பஞ்சும்தான்.

நான்கு, மோட்டார். 2025இல் இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ போன்ற கார்களில் ஹேண்ட் பிரேக் ஒரு பொத்தான். காலிபரின் முதுகில் சின்ன மோட்டார். ஸ்கேனரால் 'சர்வீஸ் நிலை'க்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனைத் தொடக்கூடாது. கட்டாயப்படுத்தித் தள்ளினால் உள்ளே இருக்கும் திருகும் பல்சக்கரமும் உடையும். இந்த வகைக்கு உங்கள் காரின் பார்க்கிங் பிரேக்கோடு பேசத் தெரிந்த ஸ்கேனர்தான் முதல் கருவி. பிழைக் குறியீட்டை மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் இந்த வேலைக்கு ஆகாது.

திருகு பிஸ்டனுக்கான கருவி

நம் பக்கம் வீட்டிலேயே வேலை பார்ப்பவர்களிடம் அதிகம் சிக்கும் வகை முதலாவது என்பதால் அதை விரிவாகப் பார்ப்போம். இந்தப் பிஸ்டனுக்குள் மரையுள்ள தண்டும் அதில் ஓடும் நட்டும் இருக்கின்றன. பேட் தேயத் தேய நட் தானாகச் சுற்றி நீண்டு, ஹேண்ட் பிரேக்கின் இடைவெளியைச் சரிக்கட்டும். புதிய பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டன் பழைய இடத்துக்குப் போக வேண்டும். சி-கிளாம்ப் போட்டு நேராக அமுக்கினால் அந்த மரைதான் அடி வாங்கும். கருவி அழுத்தவும் வேண்டும், சுற்றவும் வேண்டும்.

சந்தையில் மூன்று விதம் கிடைக்கிறது.

கன சதுரம்: ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு முனைகள் உள்ள சின்ன இரும்புக் கட்டை, நடுவில் ராட்செட் மாட்டும் ஓட்டை. விலை மலிவு. ஆனால் அழுத்தம் முழுக்க உங்கள் கையால் தர வேண்டும். லேசான பிஸ்டனுக்குச் சரி. மழையில் நின்ற காரின் இறுகிய பிஸ்டனில் முனை நழுவி, வெட்டின் ஓரத்தைத் தின்றுவிடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையான பூட்டையும் கிழிக்கும்.

திருகுக் கிட்: பெட்டியில் வரும் இது, காலிபரின் மறு தாடையில் முட்டுக்கொடுத்து, மரைத்தண்டால் அழுத்திக்கொண்டே சுற்றும். பல அளவு தட்டுகள் உடன் வரும். வால்பாறைக்கு நான் சொல்வது இதைத்தான். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். வலது மரைத்தண்டு, இடது மரைத்தண்டு இரண்டும் இருக்கிறதா? ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தின் திருகு பிஸ்டன் இரு பக்கமும் கடிகாரச் சுற்றில் உள்ளே போகும். சில நிறுவனங்களில் ஒரு பக்கம் எதிர்ச்சுற்று. தட்டின் முனைகள் உங்கள் பிஸ்டனின் வெட்டில் ஆட்டமில்லாமல் உட்காருகின்றனவா? வீட்டிலேயே வெர்னியரால் வெட்டுகளின் இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு போனால் கடையில் ஊகிக்க வேண்டாம். மூன்றாவது, மரைத்தண்டு முழு நீளமும் கையால் தடையின்றி ஓடுகிறதா? கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பிசிறடிக்கும் மரை இரண்டு காலிபருக்குள் தேய்ந்துவிடும்.

காற்றுக் கருவி: கம்ப்ரசரில் ஓடுவது. தினமும் கார் பார்க்கும் பட்டறைக்கு நியாயமான செலவு. ஒரு காருக்கு வேண்டாம்.

எந்தத் தட்டும் சரியாகப் பொருந்தவில்லையா? கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பிஸ்டனின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய இரும்பு வட்டு, வெட்டுகளின் இடைவெளிக்கு இரண்டு கடினமான பின், முதுகில் ஒரு பழைய சாக்கெட்டை நடுவாக வெல்டு. அளவை எழுதிக் கொடுத்தால் போதும். உங்கள் காருக்கென்றே செய்த இந்தத் தட்டு, பத்துக் காருக்கும் அரைகுறையாகப் பொருந்தும் கடைத் தட்டைவிட நன்றாக உட்காரும்.

பயன்படுத்தும்போது பிஸ்டன் சுற்றுகிறது, ஆனால் உள்ளே போகவில்லை என்றால் பலத்தைக் கூட்டிச் சுற்றாதீர்கள். அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். மரைத்தண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். பூட் பிஸ்டனோடு சேர்ந்து முறுக்கிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். முறுக்கினால் நிறுத்தி, அதன் உதட்டில் சிறிது ரப்பர் கிரீஸ் வைத்து விடுவியுங்கள். கடைசியில் வெட்டுகளைப் பேட்டின் முதுகில் உள்ள முனைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இது தவறினால் பேட் சாய்ந்து உட்காரும், ஒரு ஓரம் மட்டும் தேயும். முனையே இல்லாத பேட்டும் உண்டு. கழற்றும்போதே பழைய பேட்டைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பேனரும் சாக்கெட்டும்

துருப்பிடித்த போல்ட்டுக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட்டைப் போடாதீர்கள். ஆறு முனை சாக்கெட் போல்ட்டின் பக்கவாட்டைப் பிடிக்கும். பன்னிரண்டு முனை மூலையைப் பிடித்து உருட்டிவிடும். ஃபோக்ஸ்வாகன் குடும்பக் காலிபரில் ஸ்லைடு பின் போல்ட்டுக்கு 13 மிமீ சாக்கெட்டும், பின் கூடவே சுற்றாமல் பிடிக்க 15 மிமீ ஸ்பேனரும் வேண்டும். அந்த 15 மெல்லியதாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்பேனரின் தடித்த தலை இடுக்கில் நுழையாது. இதற்காக ஒரு ஸ்பேனரைக் கிரைண்டரில் தேய்த்து மெலிதாக்கி வைத்துக்கொள்ளும் மெக்கானிக்குகள் நிறைய. செய்யும்போது தலை நீலமாகும் அளவுக்குச் சூடேற்றாதீர்கள், இரும்பு இளகிவிடும்.

காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் சில மாடல்களில் ஆலன் தலை, சிலவற்றில் பன்னிரண்டு பல் உள்ள ஸ்ப்லைன் தலை. ஸ்ப்லைனில் டார்க்ஸ் பிட்டை நுழைத்தால் முதலில் பிடிப்பதுபோல் இருக்கும், பிறகு வழுக்கும். பிட் வாங்கும் முன் தலைக்குள் படிந்த துருவையும் மண்ணையும் ஊசியால் கிளறி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிரேக் பைப்பின் நட்டுக்கு ஃப்ளேர் நட் ஸ்பேனர் கட்டாயம். திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு முகத்தை மட்டும் பிடிக்கும். மெல்லிய பைப்பைச் சுற்றியிருக்கும் அந்த நட் உருண்டுவிட்டால் பைப்பையே மாற்ற வேண்டும். காற்று எடுக்கும் நிப்பிளுக்கு 10 அல்லது 11 மிமீ ரிங் ஸ்பேனர் பெரும்பாலும் சரிவரும். நிப்பிள் அசையாவிட்டால் முந்தின இரவே துரு இளக்கும் திரவம் ஊற்றி ஊற விடுங்கள். டிஸ்க்கிலும் பேட்டிலும் ஒரு சொட்டும் படக்கூடாது.

டார்க் ரெஞ்ச்: ஒன்று போதாது

ஃபோக்ஸ்வாகன் வகைப் பின் காலிபரின் ஸ்லைடு பின் போல்ட் 35 நியூட்டன் மீட்டர். சக்கர போல்ட் 120. அரை அங்குல ரெஞ்ச் ஒன்றை வைத்து இரண்டையும் இறுக்க நினைத்தால், 35 அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் கிடக்கும். அங்கே அதன் கணக்கை நம்ப முடியாது. 10 முதல் 60 வரை காட்டும் 3/8 அங்குல ரெஞ்ச் ஒன்றும், 40 முதல் 200 வரை காட்டும் அரை அங்குல ரெஞ்ச் ஒன்றும் வேண்டும். 35 நியூட்டன் மீட்டர் என்பது 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 14 கிலோ இழுவை. பழக்கத்தில் கை இதைவிட அதிகமாகவே இழுக்கும்; மெல்லிய போல்ட்டின் மரை போவது அப்படித்தான்.

டார்க் ரெஞ்சால் போல்ட்டைக் கழற்றாதீர்கள். அதற்கு நீளமான பிரேக்கர் பார் இருக்கிறது. வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். பூட்டும் பசை பூசி வரும் ஸ்லைடு பின் போல்ட்டைக் கழற்றியபின் திரும்பப் போடாமல் புதிதாக மாற்றுங்கள்.

தூக்கவும் தாங்கவும்

வால்பாறையில் சமதரை கிடைப்பதே பெரிய விஷயம். சரிவில் காரைத் தூக்குவது ஆபத்து; பின் பிரேக்கைக் கழற்றப்போவதால் ஹேண்ட் பிரேக்கும் உதவாது. முன் சக்கரங்களுக்கு இருபக்கமும் முட்டுக்கட்டை, கியரில் நிறுத்தம், சமதரை: இந்த மூன்றும் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். தரை மண்ணாக இருந்தால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை வையுங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் அடிவயிறு தாழ்வு என்பதால் தாழ்ந்த தலையுள்ள ட்ராலி ஜாக்கிதான் நுழையும். ஜாக்கி தூக்க மட்டுமே; காரைத் தாங்குவது ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையை நீட்டாதீர்கள்.

கழற்றிய காலிபரை அதன் ரப்பர் ஓஸில் தொங்கவிடக்கூடாது. கட்டுக்கம்பியில் ஒரு கொக்கி வளைத்து ஸ்பிரிங்கில் மாட்டுங்கள். காசில்லாத கருவி, ஆனால் ஓஸைக் காப்பாற்றும்.

பிரேக் ஆயிலும் காற்றும்

பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பும். டப்பா நிரம்பி வழிந்தால் பெயின்ட் உரியும். முன்கூட்டியே ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். இன்னும் நல்ல வழி, நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, அதைத் திறந்துகொண்டு பிஸ்டனைச் சுற்றுவது. காலிபரில் கிடந்த அழுக்கு ஆயில் ஏபிஎஸ் பெட்டிக்குள் ஏறாமல் டியூப் வழியே வெளியே வந்துவிடும். பிஸ்டன் நின்றதும் நிப்பிளை மூடிவிட்டு, பிறகு காற்று எடுங்கள்.

டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் ஈரம் உறிஞ்சிய நிலையில் அதற்கு விதித்த குறைந்தபட்சம் 155 மட்டுமே. காற்றிலுள்ள ஈரத்தை அது தானாக உறிஞ்சும். வால்பாறை மழைக்காலத்தில் பாதி தீர்ந்த டப்பாவை மூடி அலமாரியில் வைப்பது வீண். சிறிய டப்பாவாக வாங்கி, மிச்சத்தைப் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள். கொண்டை ஊசி இறக்கத்தில் ஆயில் கொதித்தால் மிதி தரையைத் தொடும். ஆயில் சோதிக்கும் பேனா ஒன்று கையில் இருக்கட்டும். அது காட்டுவது தோராயம்தான். இரண்டு வருடத்துக்கு மேலான ஆயிலைப் பேனா நல்லதென்றாலும் மாற்றுங்கள்.

கழுவுவதும் தடவுவதும்

மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் மூன்றும் பட்டறையில் எல்லாவற்றையும் கழுவும் மருந்து. காலிபருக்கு மட்டும் வேண்டாம். பிரேக் சீல் இபிடிஎம் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் வீங்கிப் போகும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, பித்தளைக் கம்பி பிரஷ், மெல்லிய தட்டை அரம், பஞ்சில்லாத துணி ஆகியவையே போதும். பேட் உட்காரும் இடத்தின் துருவை அரத்தால் லேசாகச் சுரண்டுங்கள். இரும்பைத் தின்னும் அளவுக்கு வேண்டாம். பேட் தூளைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள், மூக்கில் முகமூடி போட்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

பூட்டுக்குச் சொன்ன ரப்பர் கிரீஸ் போக, இன்னும் இரண்டு கிரீஸ் வேண்டும். ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் அடிப்படையிலான காலிபர் கிரீஸ். பேட்டின் உலோகக் காதுகளுக்கு அதிக வெப்பம் தாங்கும் செராமிக் பேஸ்ட். பேரிங் கிரீஸ் இரண்டுக்கும் ஆகாது.

அளக்கும் கருவி

மைக்ரோமீட்டர் ஒன்று: டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். வெர்னியர் துருப்பிடித்த வெளி விளிம்பையும் சேர்த்து அளந்து ஏமாற்றும். மைக்ரோமீட்டரின் முனை பேட் ஓடும் இடத்தைத் தொடும்.

இன்னொன்று இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். ஆழியாறு வரை இறங்கி, சாலையோரம் பாதுகாப்பான சமதரையில் நிறுத்தி, பின் டிஸ்க் இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே தூரத்தில் அளந்து பாருங்கள். பளபளக்கும் டிஸ்க்கில் அது காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே எண்ணைப் பார்க்காமல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே காலிபர் பிடித்திருக்கிறது. ஸ்லைடு பின்னையோ லீவரையோ பார்க்கும் நேரம். ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் பிஸ்டன் சிக்கி வேலை செய்யவில்லை.

எந்த வரிசையில் வாங்குவது

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர். பாதி கழற்றிய காரை வைத்துக்கொண்டு ஒரு பிட்டுக்காக இறங்கி ஏற முடியாது. அதனால் வேலை தொடங்கும் முன் எல்லாம் கையில் இருக்க வேண்டும். பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றால்:

முதலில் ஸ்டாண்ட், முட்டுக்கட்டை, ஜாக்கி. அடுத்து இரண்டு டார்க் ரெஞ்ச். மூன்றாவது ஆறு முனை சாக்கெட், மெல்லிய 15, ஃப்ளேர் நட் ஸ்பேனர். நான்காவது திருகுக் கிட். தெர்மாமீட்டரும் மைக்ரோமீட்டரும் கடைசியில் வரலாம். மைக்ரோமீட்டரை இரவலும் வாங்கலாம். மலிவு விலைக்கு வாங்கக் கூடாதவை ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும். மற்றவை கெட்டால் வேலை கெடும், இந்த இரண்டும் கெட்டால் உயிர் போகும்.

சீல் மாற்றுவது, பிஸ்டனையே வெளியே எடுப்பது, ஹேண்ட் பிரேக் லீவரின் தண்டு சீலில் கசிவு ஆகியவற்றை வீட்டில் தொடாதீர்கள். அவற்றுக்குப் பட்டறையோ புதிய காலிபரோதான் தீர்வு.

இறங்கும் முன்

பூட்டி முடித்ததும் இன்ஜினைப் போடாமல், மிதி கெட்டியாகும் வரை மெதுவாக அழுத்துங்கள். புதிய பேட் டிஸ்க்கைத் தொட அதற்குப் பல அழுத்தம் தேவைப்படும். அதுவரை காரை அசைக்காதீர்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கைப் பலமுறை இழுத்து விடுங்கள், உள்ளே உள்ள நட் தன் இடத்தைப் பிடிக்கட்டும். விட்ட நிலையில் இரு காலிபரின் லீவரும் தம் நிறுத்தத்துக்குத் திரும்பி வருகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். டப்பாவில் ஆயில் மட்டம், பைப்பில் கசிவு, சக்கர போல்ட் 120 என மூன்றையும் மறுபடி சரிபாருங்கள்.

முதல் ஓட்டம் ஊருக்குள், மெதுவாக, சமதரையில். தாழ்ந்த வேகத்தில் பலமுறை பிரேக் பிடித்து பேட்டை டிஸ்க்கோடு பழக்குங்கள். மலை இறக்கத்தை மறுநாளைக்கு வையுங்கள். மழைக்காலத்தில் காரை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை நாள்கணக்கில் இழுத்து வைக்காமல், சமதரையில் கியரிலும் முட்டுக்கட்டையிலும் நிறுத்துங்கள். துருவில் பேட் டிஸ்க்கோடு ஒட்டாமல் இருந்தால், அடுத்த பருவம் வரை இந்தப் பெட்டியைத் திறக்கும் வேலை பெரும்பாலும் இருக்காது.